அக்காவை உட்கார வைத்தவன்

எதிர் வீட்டு அம்மாள் என்னைப் பற்றிச் சொல்லாத நல்ல வார்த்தை இல்லை. "தம்பின்னா இப்படி இருக்கணும். ஒரு டம்ளர் தண்ணிக்குக்கூட அக்காவ எழுந்திரிக்க விடமாட்டாரு" என்று மாடிப்படியில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வாள். ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை அழைத்து வந்த அன்றும், அவள் கையிலிருந்த மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே அதையேதான் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்காவை நான் எழுந்திரிக்க விடாதது பாசத்தால் இல்லை. அவள் எழுந்திருப்பதை நின்று பார்க்க எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். ஒரு நிறுத்தத்தில் எனக்குக் கிடைத்தது பதினைந்து விநாடி. அதற்குள் இறங்குகிறவர் இறங்கி, ஏறுகிறவர் ஏறியாக வேண்டும். வயதானவர்கள் ஏறினால் முழங்கையைப் பிடித்து இழுத்து, இருக்கையில் இருக்கிற யாரையாவது எழுப்பி, அங்கே அவர்களைத் தள்ளி உட்கார வைத்துவிட்டுத்தான் விசில் கொடுப்பேன். என் பஸ்ஸில் ஒரு கிழவரோ கிழவியோ விழுந்ததில்லை. அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஆளை உட்கார வைத்துவிட்டால் வண்டி கிளம்பிவிடும் என்பதுதான் எனக்குத் தெரிந்த வித்தை.

வீட்டிலும் அதே வித்தையைக் காட்டினேன். அங்கே வண்டி எங்கேயும் போகவில்லை.

அக்காவுக்கு எழுபத்து மூன்று வயது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் நின்றே வேலை செய்தவள். ஈரப் படுக்கை விரிப்புகளை மூட்டையாக அள்ளி ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்குப் போடுவாள். ஆண்களே இரண்டு பேராகச் சேர்ந்து தூக்குகிற மூட்டை. மாமா போன பிறகு என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் வேறு ஊரில். இரண்டாவது மாடி, முப்பத்தாறு படி, லிஃப்ட் கிடையாது. வந்த புதிதில் அந்தப் படியில் எனக்கு முன்னால் ஏறிப் போய்க் கதவருகே நின்று, "என்னடா, பஸ்ஸு பஞ்சரா?" என்று கேட்பாள்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுக்கை. காய்ச்சல் விட்டது, கால் தளர்ந்துபோயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக நடந்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். கொஞ்சம் கொஞ்சமாக என்ற பேச்சே எனக்கு ஆகாது. செருப்பு மாட்ட அவளுக்கு இரண்டு நிமிஷம் ஆனது. நான் குனிந்து மாட்டிவிட்டேன், பத்து விநாடி. தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போய் வர ஐந்து நிமிஷம். நான் கொண்டுவந்து கொடுத்தேன். தட்டு, மருந்து, சீப்பு, பேப்பர், எல்லாம் அவள் இருந்த இடத்துக்கே வந்தது. கடையில் இருந்ததிலேயே மெத்தென்ற நாற்காலியாகப் பார்த்து வாங்கிப் போட்டேன். உட்கார்ந்தால் ஆளையே விழுங்கிவிடும். "நீ உக்காருக்கா, நான் பாத்துக்கறேன்." இந்த ஒரு வாக்கியத்தை இரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ. முதலில் மறுத்தாள். அப்புறம் சிரித்தாள். அப்புறம் உட்கார்ந்துவிட்டாள்.

காலை ஆறரைக்கு நான் பால் வாங்கப் போவேன். வழியில் ஒரு டீ, பழைய டிரைவர் ஒருவரோடு அரட்டை, ஏழு மணிக்கு மேல்தான் வீடு. அன்றைக்கு டீக்கடை மூடியிருந்தது. ஆறே முக்காலுக்கே திரும்பிவிட்டேன். பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பும்போது உள்ளே தொப்பென்று ஒரு சத்தம். ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் அக்கா குப்புறக் கிடந்தாள். ஒரு கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது.

"ஜன்னல மூடப் போனேன்டா" என்றாள்.

"நான் வந்து மூட மாட்டேனா? அதுக்குள்ள உனக்கு என்னக்கா அவசரம்?" என்று கத்தினேன். கன்னம் தரையில் ஒட்டிக் கிடந்தவளைப் பார்த்துத்தான் கத்தினேன்.

மணிக்கட்டு எலும்பில் விரிசல். இடுப்பு தப்பித்தது. "அடுத்த தடவை இடுப்புதான்" என்றார் டாக்டர், என்னமோ அடுத்த பஸ் எப்போது வரும் என்று சொல்வதுபோல. அன்று மாலையே மகன் போன் செய்தான். "அப்பா, உங்களுக்கே அறுபத்தேழு. மாடிப்படி இறங்க முடியாதவங்கள ரெண்டாவது மாடியில வச்சுக்கிட்டு நாளைக்கு ஒண்ணுன்னா தோள்ல தூக்கிட்டு ஓடுவீங்களா?" முதியோர் இல்லம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். கீழ்த்தளத்து அறை. மூன்று மாதம் வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பார்களாம். அதற்குள் அத்தை தானாகப் படி ஏறி இறங்கினால் சரி, இல்லையென்றால் அங்கேதான் என்றான்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "போயிடறேன்டா. அங்க பெல் அடிச்சா ஆள் வருவாங்களாமே" என்றாள். ஆனால் போனை வைத்தபிறகு வெகுநேரம் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டைத் தவிர அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை, நானும் எதிர் வீட்டு அம்மாளும் தவிர பேச்சுத்துணையும் இல்லை. அவள் போய்விடுகிறேன் என்று சொன்னபோது எனக்குள் ஏதோ லேசானது. ஒரு விநாடிதான். அந்த ஒரு விநாடிக்காக என்னை எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை.

மூன்றாவது வாரம், காலுக்குப் பயிற்சி கொடுக்க டாக்டர் அனுப்பிய ஒரு பிசியோ பொண்ணு வந்தாள். என் மகனைவிடச் சின்னவள், ஆனால் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி கேள்வி.

"தண்ணி யாரும்மா எடுத்துத் தருவாங்க?"

"தம்பி."

"சாப்பிட்ட தட்டு?"

"தம்பிதான்."

"செருப்பு?"

அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "அதுவும் தம்பி. தங்கமான பையன்மா" என்றாள். அந்தப் பொண்ணு ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். எனக்குக் காது சூடேறியது.

பிறகு ஒரு மர நாற்காலியைச் சுவர் ஓரமாகப் போட்டாள். கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல், அரை நிமிஷத்தில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்க்கணும் என்றாள். "உங்க வயசுக்குப் பத்தாவது வரணும்மா." அக்கா முன்னால் சாய்ந்தாள், முக்கினாள், தொடை நடுங்கியது. நாற்காலியைவிட்டு நாலு விரற்கடைகூட மேலே வரவில்லை. ஈர மூட்டை தூக்கின அக்காவுக்குத் தன் உடம்பைத் தூக்க முடியவில்லை. நான் பாய்ந்து முழங்கையைப் பிடித்தேன்.

"சார், கைய எடுங்க" என்றாள் பிசியோ பொண்ணு.

வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னாள். "வேலை இல்லாட்டி கால் கரைஞ்சுபோயிடும் சார். இந்த வயசுலயும் திரும்ப வரும். ஆனா அவங்களா செஞ்சாத்தான் வரும். நீங்க செஞ்சா உங்க காலுக்குத்தான் நல்லது." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். நாற்காலியிலிருந்து எழுவது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. அதே மேடையருகே ஒற்றைக் காலில் நிற்பது. ஒரு பாதத்தின் முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டிவைத்துக் கோடு பிடித்தாற்போல் நடப்பது. ஒவ்வொன்றும் எத்தனை என்று எண்ணி நான் தாளில் எழுத வேண்டும். தொடக்கூடாது. பக்கத்தில் நிற்கலாம்.

நின்றேன். முதல் வாரம் மெத்தையை மடித்துப் போட்டு உயரமாக்கிய நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஒன்று. மூச்சு. இரண்டு. அதற்குள் எனக்குப் பால் பொங்குகிறதா, குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்று ஆயிரம் யோசனை. மூன்றாவது தடவை எழுந்து நிற்பதற்குள் "அஞ்சு" என்றேன். வேண்டுமென்றே செய்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் தெரியாமல் செய்ததாகவும் சொல்ல முடியாது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நாலு எழுந்தாள், ஏழு என்றேன். இப்படியே தாளில் எண்ணிக்கை ஜம்மென்று ஏறிக்கொண்டே போனது. முப்பத்தோரு வருஷம் ஒரு தலைகூடத் தப்பாமல் ஆள் எண்ணினவன், சொந்த அக்காவின் எண்ணிக்கையில் கைவைத்தேன். எல்லாம் தினம் ஆறு நிமிஷம் மிச்சம் பிடிக்க. அந்த ஆறு நிமிஷத்தில் நான் பேப்பர் படித்தேன்.

நாலு வாரம் கழித்து பிசியோ பொண்ணு திரும்பி வந்தாள். தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பன்னெண்டா! சூப்பர்மா. அப்ப இன்னிக்கே படியில இறங்கிப் பாத்துடலாம்" என்றாள்.  அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. நல்ல காலம், "எதுக்கும் ஒரு தடவை நாற்காலியில பாத்துட்டுப் போலாம்" என்று அவளே சொன்னாள்.

அக்கா ஐந்து தடவை எழுந்தாள். ஆறாவதில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தாள்ல பன்னெண்டுன்னு இருக்கே சார்?"

நான் பதில் சொல்லுமுன் அக்கா முந்திக்கொண்டாள். "ராத்திரி தூக்கம் சரியில்லம்மா. இன்னிக்கு எனக்குத்தான் முடியல."

பிசியோ பொண்ணு என் முகத்தைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், பழைய பயிற்சியையே இன்னும் நாலு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தாள். போகும்போது, "நல்லவேளை, நேரா படிக்குக் கூட்டிட்டுப் போகல" என்று மட்டும் சொன்னாள். கதவைச் சாத்தினேன். படியில் உருண்டிருந்தால் அவளைத் தள்ளிவிட்டவன் நான்தான்.

அக்காவின் எதிரில் போய் உட்கார்ந்தேன். "அக்கா, நான் தப்பா எண்ணினேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"எனக்கு எண்ணத் தெரியாதாடா? மூட்டை எண்ணித்தானே உள்ள அனுப்புவேன். நானும் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்."

"பின்ன ஏன் சொல்லல?"

"உனக்கு நேரமாகுதேன்னுதான்."

ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று என்று மீதியையும் கொட்டினேன். தண்ணீர் கொண்டுவந்தது, செருப்பு மாட்டியது, எதுவும் பாசம் இல்லை, நீ மெதுவாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, உன்னை உட்கார வைத்தே முடமாக்கிவிட்டேன் என்றேன். அவள் திகைக்கவில்லை. பழைய செய்தியைக் கேட்பதுபோலத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ பக்கத்துல நின்னு மூக்கால ஒரு மூச்சு விடுவ பாரு, நீளமா" என்றாள். "உனக்கே தெரியாது. அது கேட்டா நான் உக்காந்துடுவேன். இவன் வீட்ல இருந்துக்கிட்டு இவனுக்கே பாரமா இருக்கணுமான்னு இருக்கும்."

 அவள் மாவுக்கட்டு எடுத்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அன்னிக்கு நான் ஜன்னல மூடப் போகலடா" என்றாள்.

"பின்ன?"

"நீ பால் வாங்கப் போனதும் தினமும் நடப்பேன். ஜன்னல்லேருந்து சமையல்கட்டுக்கு, அங்கேருந்து திரும்ப ஜன்னலுக்கு. சுவத்தப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா. நீ ஏழு மணிக்கு மேலதானே வருவ, யாரும் பாக்க மாட்டாங்க. காலு திரும்ப வந்துடும்னு ஒரு நப்பாசை. அன்னிக்குப் பாரு, நீ சீக்கிரமே வந்துட்ட. சாவி சத்தம் கேட்டுச்சு. நீ கதவத் தொறக்குறதுக்குள்ள நாற்காலிக்கு வந்துடலாம்னு ஓடினேன்."

ஓடினேன் என்றாள். செருப்பு மாட்ட இரண்டு நிமிஷம் ஆகிற அக்கா, என் சாவிச் சத்தத்துக்குப் பயந்து ஓடியிருக்கிறாள். அப்படி விழுந்தவளைப் பார்த்துத்தான் உனக்கு என்ன அவசரம் என்று கத்தியிருக்கிறேன். எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தேன். "தண்ணிய வீணாக்காதடா" என்று அக்கா குரல் கொடுத்தாள்.

மறுநாளே மெத்தென்ற நாற்காலியைத் தூக்கி எதிர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த இடத்தில் மர நாற்காலியைப் போட்டேன். பிறகு எனக்கும் ஒன்று போட்டுக்கொண்டேன். காரணம், அடுத்த தடவை வந்த பிசியோ பொண்ணு என்னையும் எழுந்து உட்காரச் சொன்னாள். ஒற்றைக் காலில் நிற்பதில் நான் சூரன், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றவனாயிற்றே. ஆனால் நாற்காலியில் ஒன்பதுக்கு மேல் வரவில்லை. "உங்க வயசுக்குப் பன்னெண்டு வரணும் சார்" என்றாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நான் வேணா எண்ணட்டுமாடா? சீக்கிரம் பன்னெண்டு வந்துடும்."

அதற்காக நான் ஒரே நாளில் புத்தனாகிவிடவில்லை. அவள் தண்ணீர் எடுக்கப் போகும்போது என் கை தானாக நீளும். பிடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் தட்டை எடுத்துப்போகிறவள் வழியில் நின்று நின்று போனாள், எனக்கு மூச்சு நீளமாக வந்துவிட்டது. அவள் உடனே நின்றாள். தட்டோடு திரும்பி என்னைப் பார்த்தாள். "சாரிக்கா, சளி" என்றேன். நம்பவில்லை, ஆனால் போனாள். நாளுக்கு நாள் காலில் பிடிப்பு வந்தது. தாளில் ஆறு, ஏழு, மறுபடி ஆறு, எட்டு என்று உள்ளதை எழுதினேன். மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது பத்து வந்தது. அன்றைக்கு அக்கா அந்த எண்ணைத் தன் கையாலேயே எழுதினாள்.

வியாழக்கிழமை பிசியோ பொண்ணு பிடித்துக் கீழே இறக்கிவிட்டுக் கூடவே நிற்க, அக்கா கீழிருந்து மேலே ஏறிவிட்டாள். இறங்குவதுதான் கடினம் என்று சொல்லி, அடுத்த இரண்டு நாள் அந்தப் பொண்ணே பிடித்துப் பழக்கினாள். ஞாயிற்றுக்கிழமை தனியாக இறங்கிப் பார்க்கச் சொல்லியிருந்தாள். இறங்கிவிட்டால் இல்லத்துக்குப் போன் செய்து அறை வேண்டாம் என்று சொல்லிவிடலாம், மகனும் ஒத்துக்கொண்டிருந்தான். நான் இரண்டு படி கீழே, அக்காவைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்க வேண்டும். விழுந்தால் ஒழியத் தொடக்கூடாது.

கைப்பிடிக் கம்பியைப் பிடித்தாள். வலது கால், பக்கத்தில் இடது கால், நின்று ஒரு மூச்சு. அடுத்த படி. முதல் மாடித் திருப்பத்தில் எதிர் வீட்டு அம்மாள் காய்கறிப் பையோடு ஏறி வந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு வந்ததே கோபம். "என்ன சார் இது? வயசானவங்கள இறங்கவிட்டுட்டு வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஒரு கையக் குடுத்தா கொறஞ்சா போயிடுவீங்க? உங்கள என்னமோன்னு நெனச்சேன்" என்று பொரிந்து தள்ளிவிட்டுப் போனாள். போகட்டும். அவள் இத்தனை நாள் சொன்ன நல்ல வார்த்தையெல்லாம் தொண்டையில் முள்ளாக நின்றது. இந்தத் திட்டு நன்றாகவே இறங்கியது.

இருபது. இருபத்தைந்து. முப்பதாவது படியில் அக்காவின் கால் ஒரு தடவை நடுங்கியது. என் கை பாதி தூரம் போய்விட்டது. அவள் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். திருப்பி இழுத்துக்கொண்டேன். மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் வாயால் விட்டேன். முப்பத்து நாலு. முப்பத்தைந்து. தரை.

அக்கா நிமிர்ந்து நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை. திறந்திருந்த வாசல் வழியாகத் தெரு தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு மேலாக அவள் தனியாக மிதிக்காத தெரு. அதைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"ரொம்ப நேரமாக்கிட்டேனாடா?" என்றாள்.

இல்லக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.  ஒரு வார்த்தைகூட வரவில்லை. நான் பேசாமல் நிற்பதை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று தெரிந்திருந்தும் வரவில்லை.

"கோச்சுக்காத. அடுத்த தடவை சீக்கிரமா வந்துடறேன்" என்றாள்.